பி.எம்.டி.சி. வேலைக்குப் போக நினைக்கும் பெங்களூர்த் தமிழர்களுக்கு

பெங்களூரில் ஒரே பஸ்ஸில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு இரண்டு முதலாளிகள் இருக்கிறார்கள். மின்சார பஸ் ஒன்றில் ஏறிப் பாருங்கள். வண்டி ஓட்டுபவர் தனியார் கம்பெனியின் ஆள், டிக்கெட் கொடுப்பவர் பி.எம்.டி.சி. என்ற பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஒரே ரூட்டில், ஒரே நெரிசலில்தான் இருவரும் நாளைக் கழிக்கிறார்கள். ஆனால் சம்பளம் போடுவது வேறு கை, லீவு கேட்க வேண்டிய இடம் வேறு, பிரச்சினை வந்தால் போய் நிற்க வேண்டிய வாசல் வேறு. நம் பிள்ளைகளில் பலர் வேலையில் சேர்ந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம், அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், லிங்கராஜபுரம் என்று தமிழர் நிறைந்த பகுதிகளில் "பி.எம்.டி.சி.யில் ஆள் எடுக்கிறாங்களாம், யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழும். யாரையும் பார்க்க வேண்டாம். அறிவிப்பைப் பார்த்தால் போதும். அது வருவதற்கு முன் சில காகிதங்களைச் சரிசெய்துகொண்டு, கன்னடத்தைக் கொஞ்சம் உழைத்துப் படித்து வையுங்கள். எதை, எந்த வரிசையில் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உள்ளே போக எத்தனை வழி

பி.எம்.டி.சி. கர்நாடக அரசுக்குச் சொந்தமான போக்குவரத்துக் கழகம். 1997 ஆகஸ்ட் 15 அன்று கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற மாநிலப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து நகரப் பேருந்துகளைப் பிரித்து இதை உண்டாக்கினார்கள். தலைமை அலுவலகம் சாந்திநகரில் கே.எச். ரோட்டில் இருக்கிறது, பழைய ஆட்கள் டபுள் ரோடு என்பார்கள். கே.எஸ்.ஆர்.டி.சி.யின் மத்திய அலுவலகமும் அதே ரோட்டில்தான். அதனால் இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒன்றின் அறிவிப்புக்கு இன்னொன்றில் போய் விசாரிப்பவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனி நிறுவனங்கள், தனித்தனியாகத்தான் ஆள் எடுக்கின்றன.

இங்கே நிரந்தர வேலையில் இருப்பவர் கழக ஊழியர், அரசு ஊழியர் அல்ல. எங்களையும் அரசு ஊழியர்களாக்குங்கள் என்று 2020 டிசம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆறாவது சம்பளக் கமிஷன் அளவுக்குச் சம்பளம் கேட்டு 2021 ஏப்ரலில் மறுபடி நடந்தது. சம்பள உயர்வோ விடுப்போ, கழகத்தின் விதிப்படிதான் கிடைக்கும். "கவர்ன்மென்ட் வேலை" என்று வீட்டில் சொல்லி வைக்கும் முன் இந்த வித்தியாசத்தை அப்பா அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

உள்ளே போக நாலு வழி இருக்கிறது. போட்டித் தேர்வு எழுதி நிரந்தர வேலை வாங்குவது முதல் வழி. மின்சார பஸ் இயக்கும் தனியார் கம்பெனியில் டிரைவராகச் சேர்வது இரண்டாவது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. பணியில் இருக்கும்போது இறந்துபோன ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவது நாலாவது. அப்படிப்பட்ட குடும்பமாக இருந்தால் தாமதிக்காமல் அவர் வேலை செய்த டிப்போவிலேயே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. துக்கத்தில் மாதங்கள் ஓடிவிடும்.

கண்டக்டர் வேலைக்கு என்ன கேட்கிறார்கள்

2024இல் வந்த அறிவிப்பை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். அதில் 2,500 கண்டக்டர் இடங்கள். தேர்வை நடத்தியது கே.இ.ஏ. என்ற கர்நாடகத் தேர்வு ஆணையம். பொறியியல் சேர்க்கைக்கு சி.இ.டி. நடத்தும் அதே அமைப்புதான். பி.யு.சி., அதாவது நம் பிளஸ் டூ, அல்லது அதற்குச் சமமான படிப்பு கேட்டார்கள். கண்டக்டர் லைசென்ஸும் பேட்ஜும் கேட்டார்கள். உயரம் ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. வயது 18க்கு மேல். பொதுப் பிரிவுக்கு 35, பிற்படுத்தப்பட்டோருக்கு 38, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் பிரிவு 1 ஆகியோருக்கு 40 வரை. கர்நாடக அரசு நியமனங்களில் பெண்களுக்கு 33 சதவீத இடம் உண்டு. ஆகவே தங்கைமார்கள் தயங்க வேண்டியதே இல்லை.

உயரத்தை இன்றைக்கே வீட்டுச் சுவரில், செருப்பில்லாமல் அளந்து பாருங்கள். அரை செ.மீ. குறைந்தாலும் தேர்வில் எடுத்த மதிப்பெண் காப்பாற்றாது.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடலாம். 2024 அறிவிப்புப்படி முதல் ஒரு வருடம் பயிற்சிக் காலம், மாதம் 9,100 ரூபாய். அதற்குப் பிறகுதான் 18,660இல் தொடங்கி 25,300 வரை போகும் சம்பள விகிதம், அதன்மேல் படிகள். பெங்களூரில் வாடகை கொடுத்து 9,100 ரூபாயில் ஒரு வருடம் ஓட்டுவது பெரிய கஷ்டம். சொந்த வீட்டிலோ உறவுக்காரர் வீட்டிலோ இருப்பவர்களுக்குப் பரவாயில்லை. கல்யாணம் ஆகி, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டிக்கொண்டு, வேறு வேலையில் 20,000 சம்பாதிக்கும் ஒருவர் அந்த வருடத்துக்கு எப்படிச் சமாளிப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். முடிந்தால் தேர்வுக்குப் படிக்கும் மாதங்களிலேயே சேமிப்பைத் தொடங்குங்கள். தேர்வு, முடிவு, ஆவணச் சரிபார்ப்பு, பணி ஆணை என்று ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். அந்த நேரம் கைகொடுக்கும்.

லைசென்ஸை முதலில் எடுங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசியில் செய்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி கண்டக்டர் லைசென்ஸ் இல்லாமல் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க முடியாது. 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், சாரதி இணையதளம் வழியாக விண்ணப்பம். கூடவே மருத்துவச் சான்றும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் தயாராக இருக்கட்டும். முதலுதவி வகுப்பு தினமும் நடக்காது, இடம் கிடைக்கக் காத்திருக்க நேரும். அறிவிப்பு வந்த பிறகு ஓட ஆரம்பித்தால், விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் லைசென்ஸ் கைக்கு வராது. அந்தத் தேதியில் என்ன தகுதி கையில் இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள், "அப்ளை பண்ணியிருக்கேன்" என்பது எடுபடாது. எப்போதோ எடுத்து வைத்தவர்கள் காலாவதி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

நம் ஆட்கள் அதிகமாக அடிபடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் கார்டில் "எம். செல்வம்" என்றிருக்கும். ஆதாரில் "செல்வம் முருகன்" என்று ஆகியிருக்கும். பான் கார்டு எடுக்கும்போது யாரோ "முருகன் செல்வம்" என்று புரட்டிப் போட்டிருப்பார்கள். ஆங்கில எழுத்தில் லட்சுமிக்கு ஓரிடத்தில் "கே, எஸ், எச்" இருக்கும், இன்னோரிடத்தில் வெறும் "எக்ஸ்". வீட்டில் இது யாருக்கும் உறுத்துவதில்லை. ஆவணச் சரிபார்ப்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு எம். செல்வமும் முருகன் செல்வமும் இரண்டு வெவ்வேறு ஆட்கள். எனவே எஸ்.எஸ்.எல்.சி. கார்டில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆதார், பான், பேங்க் பாஸ்புக், டிரைவிங் லைசென்ஸ், கண்டக்டர் லைசென்ஸ் எல்லாவற்றையும் அதற்கு ஒத்துவரும்படி திருத்திவிடுங்கள். மாற்ற வேண்டியது மற்றவற்றைத்தான், எஸ்.எஸ்.எல்.சி. கார்டை அல்ல. அதை மாற்றப் போனால் வருடம் போய்விடும். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி என்பதால், எழுத்துக்கூட்டிப் பார்த்து ஒரே தடவையில் சரியாகச் செய்யுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்தது கர்நாடகத்தில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து போனால், அங்கே அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ பத்து வருடத்துக்கு முன் வந்தவர் இங்கே பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் வயது வரம்பும் பொதுப் பிரிவுக்கு உரியதுதான் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் 36 வயதில் விண்ணப்பித்து ஏமாற வேண்டியதில்லை.

தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் குடும்பங்களின் நிலை வேறு. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்கே குடும்பம் இந்த மண்ணில் இருந்தது என்று காட்ட முடிந்தால், இங்குள்ள பட்டியலில் அந்தச் சாதி இருக்கும் பட்சத்தில், சான்றிதழ் கேட்க வழி இருக்கிறது. தாத்தா பின்னி மில்லிலோ கோலார் தங்க வயலிலோ வேலை பார்த்த காகிதம், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவு, வீட்டுப் பத்திரம் என்று பரணில் எது கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி என்று கர்நாடகத்தின் பிரிவுகளே வேறு. தமிழ்நாட்டில் எம்.பி.சி. என்பதால் இங்கே பிரிவு 1 கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். நாட கச்சேரி என்ற உள்ளூர் வருவாய் அலுவலகத்தில் விண்ணப்பித்து இங்குள்ள தாசில்தார் கையெழுத்திட்ட சான்றிதழாக வாங்குங்கள். வருமானத்தோடு சேர்ந்த சான்றிதழுக்குக் காலாவதி உண்டு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பில் அரசியல் சாசனத்தின் 371(ஜே) பிரிவின்படி என்று தனியாகச் சில இடங்கள் இருக்கும். பீதர், கலபுரகி, ராய்ச்சூர், பல்லாரி போன்ற கல்யாண கர்நாடக மாவட்டத்தவருக்கானவை அவை. பெங்களூர்க்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

கன்னடம்

நான் பார்த்தவரையில் தமிழ்ப் பிள்ளைகள் கன்னடம் பேசுவதில் தோற்பதில்லை, எழுதுவதில் தோற்கிறார்கள். கடைத்தெருவில் சரளமாகப் பேரம் பேசுபவர் வினாத்தாளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறார்.

கே.இ.ஏ. நடத்தும் நியமனங்களில் கட்டாயக் கன்னடத் தேர்வு என்று ஒன்று உண்டு. 150 மதிப்பெண், அதில் 50 எடுத்தால் தேர்ச்சி. அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் அதில் தவறினால் மற்ற தாள்களில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. பள்ளியில் கன்னடம் படித்தவர்களில் யாருக்கு விலக்கு என்பதை அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். தமிழ் வழியில் படித்தவர்களும், ஓசூர்ப் பக்கம் படித்துவிட்டு இங்கே வந்தவர்களும் எழுத வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை, பள்ளி இறுதி வகுப்பு அளவுதான். ஆறு மாதம் இருந்தால் போதும். முதல் மாதம் எழுத்துகள். அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் போகும்போது கடைப் பலகைகளையும் பஸ் பலகைகளையும் விடாமல் படித்துக்கொண்டே போங்கள். ஊர்ப்பெயர்கள் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் எழுத்து சீக்கிரம் பிடிபடும். கூட்டெழுத்தில்தான் நமக்குத் தடுமாற்றம் வரும், ஏனென்றால் தமிழில் அந்தப் பழக்கம் இல்லை. அதை மட்டும் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். அப்புறம் 8, 9, 10ஆம் வகுப்புக் கன்னடப் பாடநூல்கள். கர்நாடகப் பாடநூல் சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கடிதம் எழுதுவது, ஒரு பத்தியைப் படித்துக் கேள்விக்கு விடை எழுதுவது, எதிர்ச்சொல், சந்தி இவ்வளவையும் கையால் எழுதிப் பழக வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்தால் மட்டும் கை ஓடாது. பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் தயங்காமல் போய் உட்காருங்கள்.

தரவரிசைக்கான தாள்களில் பொது அறிவு, கன்னடம், ஆங்கிலம், கணினி அடிப்படை எல்லாம் வரும். பொது அறிவில் கர்நாடக வரலாறும் புவியியலும்தான் நமக்குப் பள்ளம். 1956 நவம்பர் 1 ஒருங்கிணைந்த மைசூர் மாநிலம் உருவானது, 1973இல் அது கர்நாடகம் என்று பெயர் மாறியது, கதம்பர், ஹொய்சளர், விஜயநகரம், கிருஷ்ணா, காவேரிப் படுகைகள், வசன இலக்கியம் என்று மாநிலப் பாடநூலையே பிடித்துப் படியுங்கள். பழைய வினாத்தாள்களும் கிடைக்கும்.

கன்னடம் தேர்வோடு முடிந்துபோவதில்லை. நெரிசலான பஸ்ஸில் "ஸ்வல்ப முந்தெ ஹோகி" (கொஞ்சம் முன்னால் போங்க) என்று சொல்லும் குரலில் பணிவும் உறுதியும் சேர்ந்து வர வேண்டும். பயணியோடு வாக்குவாதம் வந்தால் எழுதிக் கொடுக்க வேண்டிய விளக்கமும் கன்னடத்தில்தான்.

விண்ணப்பமும் புரோக்கரும்

விண்ணப்பம் கே.இ.ஏ. இணையதளத்தில் மட்டும். கட்டணம் அங்கே காட்டும் முறையில் மட்டும். புகைப்படம், கையெழுத்து, பிரிவு, பிறந்த தேதி இந்த நாலையும் சமர்ப்பிக்கும் முன் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். சைபர் சென்டரில் நிரப்பினால் அவர்களுடைய செல்போன் எண்ணைப் போட விடாதீர்கள். ஹால் டிக்கெட் செய்தி அவர்களுக்குத்தான் போகும்.

ரஜினிகாந்த் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீசில் கண்டக்டராக இருந்த கதையைச் சொல்லி வளர்ந்த வீடுகள் நம்முடையவை. அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இன்னமும் "தெரிஞ்ச ஆள் இருந்தா உள்ள போட்டுடலாம்" என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் புரோக்கர்கள் காசாக்குகிறார்கள். இன்றைக்கு விடைத்தாளை இயந்திரம் திருத்துகிறது, விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள், தேர்வானவர் பட்டியல் இணையதளத்தில் வருகிறது. "பெரிய அதிகாரி நம்ம ஆளு, மூணு லட்சம் கொடு" என்பவரிடம் கொடுக்கும் பணம் திரும்பி வராது. நகையை அடகு வைத்துக் கொடுத்தால் புகார் கொடுக்கக்கூட வாய் வராது, ஏனென்றால் லஞ்சம் கொடுத்தது நாமும்தான்.

தேர்வில் தேறியவர்களை ஆவணச் சரிபார்ப்புக்கும் உயரம் அளப்பதற்கும் கூப்பிடுவார்கள். அசலோடு இரண்டு செட் நகல். அறிவிப்பில் உள்ள அதே வரிசையில் அடுக்கிக்கொண்டு போனால் அங்கே இருப்பவர்களுக்கும் எளிது, உங்களுக்கும் பதற்றம் குறையும்.

டிரைவர் ஆக நினைப்பவர்களுக்கு

கனரக வாகன லைசென்ஸ் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் கார் லைசென்ஸ், அது கையில் வந்து ஒரு வருடம் ஆக வேண்டும், வயது 20 ஆக வேண்டும், டிரைவிங் ஸ்கூலிலிருந்து பயிற்சிச் சான்றான படிவம் 5 வாங்க வேண்டும். போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். ஆகவே 18 முடிந்ததும் கார் லைசென்ஸ் எடுத்து வைப்பது நல்லது. நிரந்தர வேலைக்குக் கர்நாடகக் கழகங்கள் டிரைவர்-கம்-கண்டக்டர் என்று எடுக்கும்போது கண்டக்டர் லைசென்ஸும் சேர்த்துக் கேட்கிறார்கள். ரெண்டையும் வைத்திருப்பவருக்கு வாய்ப்பு ரெண்டு.

இப்போது அடிக்கடி ஆள் தேடுவது மின்சார பஸ் கம்பெனிகள்தான். ஸ்விட்ச் நிறுவனத்தின் 300 பஸ்கள், டாடாவின் 921 பஸ்கள் என்று ஒப்பந்த முறையில் வந்தன. பஸ் கம்பெனியுடையது, டிரைவர் கம்பெனியுடையவர், பராமரிப்பும் அவர்களுடையது. டிப்போ இடமும் கண்டக்டரும் ரூட்டும் டிக்கெட் வசூலும் பி.எம்.டி.சி.யுடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குக் கொடுக்கிறது. டிரிப் தவறினால், பஸ் பழுதாகி நின்றால் கம்பெனிக்கு வரும் பணத்தில் பிடித்தம் உண்டு. அந்தப் பிடித்தம் டிரைவர் தலையில் இறங்குகிறதா என்பதுதான் சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பம்பர் உரசினால் யார் கட்டுவது? கண்ணாடி உடைந்தால்? வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் ஒப்பந்தத் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

பணி ஆணையின் மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பஸ் கம்பெனியின் பெயரா, அவர்களுக்கு ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் பெயரா? ஏஜென்சி என்றால் அவர்களுடைய அலுவலகம் எங்கே இருக்கிறது, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று அங்கேயே ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவர்களிடம் டீக்கடையில் விசாரியுங்கள். உண்மை நிலவரம் அங்கேதான் கிடைக்கும். பி.எஃப்.க்கான யு.ஏ.என். எண் கேட்டு வாங்குங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். முதலாளியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், குடும்பம் முழுக்க வைத்தியம் பார்க்கலாம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது சட்டத்தின் அளவு. மெஜஸ்டிக்கிலிருந்து ஒயிட்ஃபீல்டு போய் வருவதற்குள் நேரம் எப்படி நீளும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கூடுதல் நேரத்துக்குக் காசு உண்டா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அசல் லைசென்ஸையோ மார்க் கார்டையோ "ஆபீஸில் இருக்கட்டும்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரச் சொல்லுங்கள். அசல் காகிதம் மாட்டிக்கொண்டதால் வேறு நல்ல வேலை கிடைத்தும் போக முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

இதையெல்லாம் சொல்வதால் கம்பெனி டிரைவர் வேலையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கழக அறிவிப்பு எப்போது வரும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட, நகர ரூட்டில் பெரிய வண்டி ஓட்டிய அனுபவம் மேல். நேரத்துக்குச் சம்பளம் போடும் இடமாகப் பார்த்துச் சேருங்கள், மாலையில் கன்னடப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு

டீசல் மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், வெல்டர் படித்தவர்கள் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிந்து வைத்துக்கொண்டு அறிவிப்பைக் கவனியுங்கள். பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை தானாக வராது, சான்றிதழ்தான் வரும். அது வெளியே நன்றாகவே விலை போகும். மின்சார பஸ் வந்த பிறகு எலெக்ட்ரீஷியனுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

சேர்ந்த பிறகு முதல் மாதங்கள்

கண்டக்டராகச் சேர்பவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் டிப்போ கவுண்டரில் டிக்கெட் மெஷினும் பேப்பர் ரோலும் அன்றைய கணக்கு எழுதும் வே பில் தாளும் கொடுப்பார்கள். வாங்கியதும் நகர்ந்துவிடக் கூடாது. மெஷினில் சார்ஜ் இருக்கிறதா, தேதியும் ரூட்டும் சரியா, ரோல் சிக்காமல் ஓடுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அப்புறம் உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு பாக்கெட்டில் இருக்கிறது என்று எண்ணி வே பில்லில் எழுதுங்கள். இந்த ஒரு வரிதான் உங்களைக் காக்கும். வழியில் செக்கிங் ஏறினால் டிக்கெட் கணக்கையும் பையில் இருக்கும் பணத்தையும் ஒப்பிடுவார்கள். எழுதாமல் வைத்திருந்த உங்களுடைய 200 ரூபாயே கணக்கில் வராத பணமாகிவிடும். பணம் குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டும்.

2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண பஸ்களில் இலவசப் பயணம். காசு வாங்கவில்லை என்பதற்காக டிக்கெட் கொடுக்காமல் விடக் கூடாது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் பூஜ்யம் ரூபாய் டிக்கெட் அடிக்க வேண்டும். அந்த டிக்கெட் கணக்கை வைத்துத்தான் அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. சேலத்திலிருந்து வந்த அத்தை தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால், பாசம் பார்க்காமல் முழுக் கட்டணம் வாங்க வேண்டும். யு.பி.ஐ. பணத்துக்குக் கழகம் கொடுத்த க்யூ.ஆர். மட்டும்தான். சொந்த செல்போன் எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கிவிடாதீர்கள், வேலை போகும்.

பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு குறைவு. 2021 வேலைநிறுத்தத்தில் முதலில் வேலை இழந்தவர்களில் பயிற்சியாளர்கள் உண்டு. அதனால் அந்த ஒரு வருடம் லீவுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், உடம்பு முடியாவிட்டால் மருத்துவச் சீட்டோடு அன்றைக்கே தகவல் கொடுங்கள். மெமோ ஏதாவது வந்தால் பதில் எழுதாமல் விடாதீர்கள். எழுதும் முன் டிப்போவில் உள்ள மூத்த கண்டக்டர் ஒருவரிடம் காட்டுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவரை ஏற்றிப் போக அந்த நேரத்தில் ரோட்டில் பஸ் இருக்காது, முதல் பஸ்ஸை எடுப்பவரே நீங்கள்தான். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கணக்குக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது கடைசி பஸ்ஸும் டிப்போவுக்குத் திரும்பியிருக்கும். எந்த டிப்போ என்று ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் வரட்டும், அதன் பிறகு நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுங்கள்.